கையளவு லைலா: சிந்துபாத் கதையின் தமிழ் வடிவமும் வளைகுடாப் பிரிவும்

தமிழ்நாட்டில் தீராத வழக்கையும் முடியாத பாலப் பணியையும் ‘கன்னித்தீவு’ என்று சொல்லிச் சிரிப்பது மக்கள் வழக்கு. ஒரு சித்திரக்கதையின் பெயர் நீட்சியைக் குறிக்கும் உவமையாகப் பேச்சுமொழியில் நிலைபெற்றமை அதன் பரவலுக்குப் போதிய சான்றாகும். சி.பா. ஆதித்தனார் 1942-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி நாளிதழில் கன்னித்தீவு 1960-ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று கட்டங்கள் என்ற அளவிலேயே நகர்ந்து இருபதாயிரம் பகுதிகளைக் கடந்துவிட்டது. தொடக்கக் காலத்தில் கணு என்னும் பெயருடைய ஓவியர் அதனை வரைந்தார். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்ட காலத்திலும், செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து திறக்கும் சிறுவர் காலத்திலும் கோடிக்கணக்கானோர் கண்ட கதை இது. ஆயினும் தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு பத்தியும் ஒதுக்குவதில்லை. சிறுவர் பகுதி என்று தள்ளிவைப்பது எளிது. அது மதிப்பீடு ஆகாது, சோம்பலே ஆகும்.

இக்கட்டுரை கன்னித்தீவை அதன் மூலக்கதை பிறந்த கடலோடு இணைத்துக் காண முயல்கிறது. சிந்துபாத் பாஸ்ரா துறைமுகத்திலிருந்து கப்பலேறி வளைகுடா வழியே வெளிக்கடல் சென்றவன். அவன் பெயரை மழலையிலேயே அறிந்த தமிழர் பல இலட்சம் பேர் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அதே வளைகுடாவின் கரையில், ஷார்ஜா தொழில்பேட்டை போன்ற இடங்களில், பிழைப்புத் தேடிக் குடியிருந்துள்ளனர். கதை ஒரு திசையிலும் மக்கள் எதிர்த் திசையிலும் கடந்த இக்கடல்வழியில், காதற்கதையாகத் தோன்றும் ஒன்றின் அடியில் எவ்வளவு இருள் தங்கியிருக்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வடிவம் குறித்து ஒரு சொல். நிலைத்த படம், அதன் அருகே சில வரி எழுத்து, வாசகர் கட்டம் கட்டமாக முன்னேறுதல் ஆகிய மூன்றாலும் அமைந்த கதைவடிவம் இன்று கணினித் திரையில் ‘காட்சிப் புதினம்’ என வழங்குகிறது. ஜப்பானில் செழித்த வடிவம் அது. இனிய காதற்கதை போலத் தொடங்கி அச்சத்திலும் சாவிலும் வாசகரைக் கொண்டுசேர்க்கும் படைப்புகள் அதனுள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. 2017-இல் வெளியான ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. திரையும் மின்சாரமும் இன்றித் தமிழர் அறுபது ஆண்டுகளாகப் படித்துவரும் காட்சிப் புதினம் கன்னித்தீவு எனல் மிகையன்று.

அரபு மூலத்தின் இருள்

சிந்துபாத்தின் ஏழு பயணங்கள் முதலில் ஆயிரத்தொரு இரவுகளின் பகுதியாக இருந்தவை அல்ல. தனியே வழங்கிய அக்கதைத் தொகுதியைப் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் காலான் முதலில் மொழிபெயர்த்தார். பின்னர் 1704 முதல் 1717 வரை வெளியிட்ட தம் ஆயிரத்தொரு இரவுகள் மொழிபெயர்ப்பினுள் சேர்த்தார். அதன் பின்னரே உலகம் இரண்டையும் ஒன்றாகக் கருதலாயிற்று. ஆயினும் அச்சேர்க்கை பொருத்தமற்றது அன்று. ஆயிரத்தொரு இரவுகளின் சட்டகமே கொடியது. மனைவியால் வஞ்சிக்கப்பட்ட மன்னன் ஷாரியார் இரவுதோறும் ஒரு கன்னியை மணந்து விடிந்ததும் கொல்விக்கிறான். நகரில் மணமுடிக்கத்தக்க பெண் இல்லாத நிலை வந்தபோது அமைச்சரின் மகள் ஷஹ்ரசாத் தானே முன்வந்து, முடியாத கதையொன்றைத் தொடங்குகிறாள். கதை முடிந்தால் உயிர் போகும். ஆகவே அது முடிவதில்லை.

சிந்துபாத் கதைக்கும் ஒரு சட்டகம் உண்டு. பாக்தாதில் கடும் வெயில் நாளொன்றில் சுமைதூக்கி ஒருவன் பெரும் பாரத்தோடு நடந்து களைத்து, செல்வர் ஒருவரின் வாயில் திண்ணையில் சுமையை இறக்கி வைத்து அமர்கிறான். உள்ளிருந்து இசையும் உணவின் மணமும் வருகின்றன. ஒரே இறைவன் படைத்தவருள் ஒருவன் நிழலிலும் ஒருவன் வெயிலிலும் இருப்பதேன் என்று அவன் முறையிடுகிறான். வீட்டுக்குரியவர் அவனை உள்ளே அழைக்கிறார். அவர் பெயரும் சிந்துபாத், இவன் பெயரும் சிந்துபாத். தம் செல்வம் எளிதில் வந்ததன்று என்பதை மெய்ப்பிக்கவே வணிகர் ஏழு நாள் ஏழு பயணங்களையும் சொல்கிறார். நாள்தோறும் சுமைதூக்கிக்கு நூறு பொன்னும் கொடுத்தனுப்புகிறார். ஆக, உலகப் புகழ்பெற்ற கடற்கதை உழைப்பாளி ஒருவனின் வழக்குக்கு முதலாளி அளிக்கும் மறுமொழியாகவே அமைந்தது. அந்த மறுமொழி நேர்மையானதா என்ற ஐயம் கதையினுள்ளேயே கிடக்கிறது.

நான்காம் பயணம் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. கப்பல் உடைந்து கரையேறியவர்களை மனிதரைத் தின்போர் பிடித்து, மதி மயக்கும் உணவூட்டிக் கொழுக்க வைக்கின்றனர். உண்ணாதிருந்த சிந்துபாத் தப்பி, மிளகு பறிப்போர் சிலரைக் கண்டு அவர்தம் நாடு சேர்கிறான். மன்னன் அவனுக்குச் செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணமுடித்து வைக்கிறான். இதுவரை கதை இன்பக் கதையே. பிறகுதான் அந்நாட்டு வழக்கம் தெரியவருகிறது: மனைவி இறந்தால் கணவனையும், கணவன் இறந்தால் மனைவியையும் உயிரோடு பிணக்குழியில் இறக்கிவிடுவர். அவன் மனைவி நோயுற்று இறக்கிறாள். ஏழு அப்பமும் ஒரு குடம் நீரும் உடன்வைத்து அவனையும் குழியில் இறக்குகின்றனர். உணவு தீரும் வேளையில் இறந்த ஒருவனோடு அவன் மனைவி உயிரோடு இறக்கப்படுகிறாள். சிந்துபாத் பிணத்தின் கால் எலும்பை எடுத்து அவளை அடித்துக் கொன்று அவள் அப்பத்தையும் நீரையும் எடுத்துக்கொள்கிறான். அதன் பின்னும் குழியில் உயிரோடு இறக்கப்படுவோரை அவ்வாறே கொன்று பிழைக்கிறான். இறுதியில் விலங்கொன்று நுழைந்த வழியைக் கண்டு வெளியேறுகிறான். பிணங்களின் அணிகலன்களையும் அள்ளிக்கொண்டு ஊர் திரும்புகிறான். வணிகர் விருந்தில் அமர்ந்து இதனைச் சொல்லும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை. சிறுவர் பதிப்புகள் இக்கொலைகளைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன.

இக்கதைக்கு இணையான ஒன்று தமிழில் முன்னரே உண்டு. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் பொருள் தேடிக் கப்பலேறுகிறான். கலம் உடைந்து நரமாமிசம் உண்ணும் நாகர் வாழும் இடத்தை அடைகிறான். அவன் இறந்தான் என்ற செய்தி கேட்டு ஆதிரை தீப்புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவனோ நாகர் மொழி அறிந்தவனாதலால் அவர்தம் தலைவனிடம் அறம் உரைத்து, பொருளும் பெற்று மீள்கிறான். கலமுடைவு, மனிதரைத் தின்போர், துணையோடு சாதல் ஆகிய மூன்றும் இரு கதைகளிலும் உள்ளன. தமிழ்க் காப்பியம் அவற்றை அறத்தின் வழியே கடக்கிறது. அரபு வணிகன் எலும்பின் வழியே கடக்கிறான். இரண்டனுள் கடலை உள்ளபடி அறிந்தவன் யார் என்பது எளிதில் விடைகாணக்கூடிய வினா அன்று.

தமிழுக்கு வந்த வழி

அரபுலகுக்கும் தமிழகத்துக்கும் இடையே கதைகள் செல்வதற்கு வழிகள் பலவாக இருந்தன. அரபு எழுத்தாளர் சோழமண்டலக் கரையை ‘மஅபர்’ என்றனர். காயல் துறைக்கு வளைகுடாவிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். சிந்துபாத்தின் ஆறாம் பயணம் செரந்தீபு எனப்பட்ட இலங்கையில் நிகழ்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வளைகுடா அரபு முத்துக்குளிப்போர் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்புக்கு வந்து சென்றனர். இசுலாமியத் தமிழிலக்கியத்தில் கிஸ்ஸா என்னும் கதைவகை சைத்தூன் கிஸ்ஸா போன்ற படைப்புகளால் வீரமும் காதலும் கலந்த அரபுச் சூழலைத் தமிழ்ச் செவிக்குப் பழக்கியது. அச்சு வந்தபின் மதனகாமராசன் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலியவை பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சந்தைகளில் விற்றன. மதனகாமராசன் கதையை 1886-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ச.ம. நடேச சாஸ்திரி அதனைத் திராவிட இரவுகளின் களிப்பு எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். அரபு இரவுகள் அளவுகோலாகிவிட்டதை அத்தலைப்பே காட்டும்.

ஆயினும் கன்னித்தீவின் உடனடிப் பின்புலம் நூல் அன்று, திரையே. 1955-இல் குலேபகாவலி, 1956-இல் அலிபாபாவும் நாற்பது திருடர்களும், 1957-இல் அல்லாவுதீனும் அற்புத விளக்கும், 1960-இல் பாக்தாத் திருடன் என அரபுப் பின்னணி கொண்ட மாயக் காதற்கதைகள் தமிழ்த் திரையை நிறைத்த காலம் அது. தலைப்பாகையும் வளைந்த வாளும் முகத்திரையும் தமிழ் வாசகருக்கு அயலாக இருக்கவில்லை.

1958-இன் இறுதியில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் ‘சிந்துபாத்தின் ஏழாம் பயணம்’ எனப் பொருள்படும் திரைப்படத்தை வெளியிட்டது. ரே ஹாரிஹாசன் உருவாக்கிய அசையும் அரக்கர்களுக்காக இன்றும் பேசப்படும் படம் அது. சொக்குரா என்னும் மந்திரவாதி இளவரசி பாரிசாவைக் கையளவு உருவமாகச் சுருக்கிவிடுகிறான். அவளை மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவரச் சிந்துபாத் தொலைதூரத் தீவுக்குப் பயணம் மேற்கொள்கிறான். கன்னித்தீவின் கதைக்கரு இதுவேயாம். மந்திரவாதி மூசா தன் மாயக்கண்ணாடி காட்டும் அழகியரைக் கவர்ந்து தீவொன்றில் சிறைவைக்கிறான். கண்ணாடி இளவரசி லைலாவைக் காட்டுகிறது. மூசாவின் மந்திரத்தால் லைலா சிறு பதுமையளவு சுருங்குகிறாள். வீரன் சிந்துபாத் அவளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு மூசாவைத் தேடிக் கடலிலும் காட்டிலும் அலைகிறான். திரைப்படம் வந்த இரண்டாண்டுக்குள் தோன்றிய இவ்வொற்றுமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. கண்ணாடி கிரிம் சகோதரர் தொகுத்த செருமானியக் கதையின் வரவு; லைலா என்ற பெயர் மஜ்னூனின் காதலியை நினைவூட்டுவது. பல சரக்குகள் ஒரு கலத்தில் ஏற்றப்பட்டுள்ளன. வெகுமக்கள் கலை எப்போதும் அவ்வாறே இயங்குகிறது. அதனைத் தழுவல் எனக் குறைத்துரைப்பதைவிட எதனைச் சேர்த்தது, எதனை விட்டது எனக் காண்பதே பயன் தரும்.

விட்டவை மூன்று. முதலாவது, சுமைதூக்கி. செல்வரின் வாயிலில் வெயிலில் அமர்ந்து முறையிட்டவன் தமிழ் வடிவத்தில் இல்லை. இரண்டாவது, ஊதியம். அரபுச் சிந்துபாத் ஒவ்வொரு முறையும் பொருளோடு மீள்பவன். தமிழ்ச் சிந்துபாத் வணிகனே அல்லன், கடமையொன்றைச் சுமப்பவன். மூன்றாவது, மீட்சி. திரைப்படத்தில் பாரிசா ஒன்றரை மணி நேரத்திற்குள் பழைய உருப் பெறுகிறாள். கன்னித்தீவில் நாளைய இதழ் உண்டு. ஆகவே தீர்வு என்றும் ஒரு நாள் தள்ளியே நிற்கும்.

சேர்த்தது ஒன்றே: காதல். அரபு மூலத்தில் மனைவியர் இடைவழியில் வந்து போவோர். நான்காம் பயணத்து மனைவிக்குப் பெயரும் இல்லை. தமிழ் வடிவம் பெண்ணொருத்தியைக் கதையின் நடுவில் வைத்தது. வைத்த பின் அவளை வளரவிடவில்லை. காதலர் இருவரும் நாள்தோறும் ஒரே கட்டத்தில் நிற்கின்றனர். ஒருவரையொருவர் தழுவ இயலாது. ஷஹ்ரசாதுக்குக் கதை முடியாமை உயிர்; லைலாவுக்கோ கதை முடியாமையே தண்டனை. கன்னியரைத் தேர்ந்து திரட்டிய தீவு ஷாரியாரின் பள்ளியறையை நினைவூட்டுவது என்பதையும் சேர்த்து நோக்கினால், குடும்ப நாளிதழின் ஒரு மூலையில் இத்தனை ஆண்டுகள் இருந்தது எத்தகைய கதை என்பது விளங்கும்.

முந்நீரும் மகளிரும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியல், முந்நீர் வழக்கம் மகளிரோடு நிகழ்வதில்லை என வரையறுக்கிறது. இளம்பூரணர் இதனைக் கடற்பயணம் எனக் கொண்டார். நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மையால் நிகழும் பிரிவு எனச் சொல்லைப் பிரித்துப் பொருள் கண்டார். உரை எதுவாயினும் முடிவு ஒன்றே: பொருள்வயிற் பிரிவில் தலைவன் தனியே செல்வான், தலைவி இல்லில் இருப்பாள். பாலைத்திணையின் பெரும்பகுதி இவ்வரையறையின் மீதே எழுந்தது.

கன்னித்தீவு இந்நூற்பாவை மீறுவதுபோல் தோன்றும் கதை. சிந்துபாத் லைலாவைக் கடலுக்கு அப்பால் உடன்கொண்டு செல்கிறான். ஆனால் அவள் பெண்ணாக வரவில்லை, கையளவு பதுமையாகவே வருகிறாள். முழு உருவோடு இருந்திருந்தால் அவளுக்கு அப்பயணத்தில் இடமில்லை. மரபின் தடையை மீறாமலேயே அதனைக் கடந்த உத்தி இது. ஆக்கியோர் இதனை எண்ணிச் செய்தனர் எனக் கொள்ளவேண்டியதில்லை. மொழியொன்றின் ஆழத்தில் கிடக்கும் வழக்கு, அயலிலிருந்து வந்த கதையொன்றில் தனக்கு இசைவான கூற்றைப் பற்றிக்கொள்ளும்.

ஷார்ஜா தொழில்பேட்டை

ஷார்ஜாவின் வரலாறும் கடனும் கடலும் கலந்த வரலாறே. முத்துக்குளிப்பு இருந்த காலத்தில் குளிப்போர் கப்பல் தலைவனிடம் முன்பணம் பெற்றுக் கடலுக்குச் சென்றனர். பருவம் முடிந்தும் கடன் தீராது அடுத்த பருவத்துக்குக் கட்டுண்டனர். தந்தையின் கடன் மகனைச் சேர்வதும் உண்டு. 1930-களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் அத்தொழிலை அழித்தன. 1971 திசம்பர் 2-ஆம் நாள் அமைந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் ஷார்ஜா உறுப்பானது. அடுத்த ஆண்டே அதன் கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1976-இல் காலித் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. துறைமுகமும் துபாயைவிடக் குறைந்த வாடகையும் தொழிற்கூடங்களை ஈர்த்தன. நகரின் உட்புறத்தில் எண்களால் பெயரிடப்பட்ட பகுதிகளாகத் தொழில்பேட்டை விரிந்தது.

தமிழர் அதனை அரபுச் சொல்லாகிய ‘சனையா’ என்றே வழங்குவர். வாகனப் பழுதுபார்ப்பகங்கள், அலுமினியப் பட்டறைகள், தச்சுக்கூடங்கள், இரும்புக் கிடங்குகள், உதிரிப்பாகக் கடைகள், அவற்றினிடையே தொழிலாளர் தங்கும் ‘கேம்ப்’ கட்டடங்கள் என்பது அதன் தோற்றம். பகுதியின் எண்ணும், நேஷனல் பெயின்ட்ஸ் போன்ற தொழிற்சாலைப் பெயர்களுமே அங்கு வழிகாட்டும் அடையாளங்கள். இராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சை, திருநெல்வேலி, குமரி முதலிய மாவட்டத்தார் மலையாளிகளோடும் வங்காளிகளோடும் பாகிஸ்தானியரோடும் அறை பகிர்ந்து வாழ்கின்றனர். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கட்டில்களுள் ஒன்றே ஒருவருக்குரிய இடம். அதனைச் சுற்றித் துணியால் திரைகட்டிக்கொள்வதும் உண்டு. பேச்சில் அவ்விடத்துக்கு ‘பெட் ஸ்பேஸ்’ என்று பெயர். சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவது அமீரகச் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. பாக்தாத் சுமைதூக்கி திண்ணையில் அமர்ந்த அதே வெயில்வேளை இன்று சட்டத்தின் சொற்களில் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ்க் கதையிலிருந்து விடுபட்ட சுமைதூக்கியை இங்குக் காணலாம். சிந்துபாத்தின் கதையை அறிந்து வந்தவன் வந்து சேர்ந்த இடத்தில் அக்கதையின் முதற்பக்கத்து மனிதனாகிறான். அவன் அறிந்த வடிவத்தில் அம்முதற்பக்கம் இல்லை. பயணக் கட்டணத்துக்கும் முகவர்க்கும் வாங்கிய கடன் தீரும்வரை முதல் விடுப்பு இல்லை என்பது பலரது கணக்கு. கடன் தீர்ந்தபின் தங்கை திருமணம், பிறகு வீடு, பிறகு பிள்ளைகளின் படிப்பு. அடுத்த விடுப்போடு ஊர் திரும்பிவிடலாம் என்ற பேச்சு ஒவ்வோர் இரண்டாண்டு ஒப்பந்தத்தின் முடிவிலும் எழும், அடுத்த ஒப்பந்தத்தோடு தள்ளிப்போகும். ‘தொடரும்’ என்ற சொல் சித்திரக்கதையின் கடைசிக் கட்டத்தில் அச்சிடப்படுவது. இங்கு அது கடவுச்சீட்டில் முத்திரையாகப் பதிகிறது.

குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ள அமீரக விதி வருமான வரம்பொன்றை வைத்துள்ளது: மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம். பட்டறைத் தொழிலாளி பலரது ஊதியம் இவ்வரம்பை எட்டுவதில்லை. தொல்காப்பியர் வழக்காகக் கூறியதை இன்று குடியேற்றத் துறை எண்ணாகக் கூறுகிறது. ஆகவே மனைவி கடல் கடந்து வரும் வழி லைலா வந்த வழி ஒன்றே. 1970-களிலும் 80-களிலும் அவள் தலையணைக்கடியில் வைத்த ஒளிப்படமாகவும் ஊர் செல்வோரிடம் கொடுத்தனுப்பிய ஒலிநாடாவில் பதிந்த குரலாகவும் வந்தாள். இன்று கைப்பேசித் திரையில் வருகிறாள். வாட்சாப் அழைப்பு அமீரகத்தில் இயங்காததால் உரிமம் பெற்ற செயலிகளின் வழியே அவ்வுரையாடல் நிகழ்கிறது. வேலை முடிந்த இரவில் கட்டில் திரைக்குள் உள்ளங்கையளவு முகத்தோடு பேசும் ஒருவரைக் காண்பவர்க்கு, கன்னித்தீவின் பழைய கட்டமொன்று நினைவுக்கு வராமல் போகாது. குழந்தை பிறந்ததையும் தாய் இறந்ததையும் அச்சிறு சட்டத்துக்குள்ளேயே கண்டவர் பலர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வொப்புமையைத் துயரத்தின் அழகாக மாற்றிவிடக் கூடாது. மனைவியைக் கையளவாகச் சுமத்தல் கவிதைக்குரிய படிமமாகத் தோன்றலாம். ஊரிலிருக்கும் பெண்ணின் நோக்கில் அது உருச்சுருக்கமே. வீட்டுக் கடனையும் மாமியாரின் மருத்துவத்தையும் பிள்ளையின் பள்ளியையும் தனியே நடத்தும் ஒருத்தி, இரவில் பத்து நிமிடம் தோன்றும் முகமாகக் குறைக்கப்படுகிறாள். சித்திரக்கதையில் பெரும்பாலான செயல்கள் சிந்துபாத்துக்கு உரியவை. லைலாவின் பார்வையில், பேருருக் கொண்டுவிட்ட உலகும் பேருருவான காதலனும் எப்படித் தோன்றுவர் என்பதைச் சொல்ல நாளொன்றுக்கு இரண்டு கட்டங்கள் போதவில்லை போலும்.

அப்பார்வை அண்டை மொழியில் கிடைக்கிறது. 1970-களின் இறுதியில் எஸ்.ஏ. ஜமீல் மலையாள மாப்பிளைப் பாட்டு மரபில் இயற்றிப் பாடிய ‘துபாய் கத்துப் பாட்டு’, வளைகுடா சென்ற கணவனுக்கு மனைவி எழுதும் மடலாக அமைந்தது. நலம் வினவித் தொடங்கும் அம்மடல் மெல்லமெல்லத் தன் இளமை வீணாவதையும் உடலின் தனிமையையும் கணவன் அனுப்பும் பணத்தால் ஈடுசெய்ய இயலாததையும் வெளிப்படையாகச் சொல்கிறது. வளைகுடா முழுவதும் ஒலிநாடாக்களில் பரவிய அப்பாட்டு கேட்டோரைக் கலங்க வைத்தது. மடலுக்குக் கணவனின் மறுமொழியையும் ஜமீலே பாட்டாக இயற்றவேண்டி வந்தது. தமிழில் வளைகுடாப் பெண்ணின் இத்தகைய மடல் அதே காலத்தில் வெகுமக்கள் வடிவம் எதிலும் அவ்வளவு ஓங்கி ஒலிக்கவில்லை. ஒருவேளை தமிழ் வாசகரின் லைலா உடனேயே பயணம் செய்ததால் அவளுக்கு மடல் எழுதும் தேவை எழவில்லை.

ஷார்ஜா 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக விளங்கியது. 1982 முதல் அங்கு நடைபெறும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் அண்மை ஆண்டுகளில் தமிழ்ப் பதிப்பாளரும் பங்கேற்கின்றனர். அரபு மொழியில் முழுமையான சிந்துபாத் பதிப்புகள், சுமைதூக்கியோடும் பிணக்குழியோடும், அக்கண்காட்சியின் அரங்குகளில் கிடைக்கும். தொழில்பேட்டையிலிருந்து கண்காட்சி மையம் சில கிலோமீட்டர் தொலைவே.